குற்றச்சாட்டுக்கு அடியில் ஒரு கோரிக்கை

விமான நிலையத்தில் ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்குப் பயணிகளைக் கொண்டுபோகும் சிறு ரயில் அது. உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க்குக்கு எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவருக்கு விமானத்தைப் பிடிக்கும் அவசரம், ரயிலோ ஊர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு மெதுவாகப் போகிற ரயிலை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று மனைவியிடம் பொரிந்தார். மனைவி பேசவில்லை. அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். எல்லாம் மின்னணு முறையில் நேரம் வைத்து ஓடுகிறது என்று மனைவி விளக்கினார். மூன்றாவது முறை கணவர் கத்தியதில் பெட்டியே திரும்பிப் பார்த்திருக்கும். மனைவியின் பொறுமையும் போய்விட்டது. அதற்கு நான் என்ன செய்ய, இறங்கித் தள்ளவா என்று கேட்டுவிட்டார்.

ரயிலின் வேகம் கூடவில்லை. சண்டை மட்டும் இருவரோடும் விமானம் ஏறியது.

அந்தக் கணவருக்கு ரயிலைப் பற்றிய விளக்கம் தேவைப்படவில்லை. விமானம் போய்விடுமோ என்ற பதற்றத்தைப் பக்கத்தில் இருப்பவர் கண்டுகொண்டிருந்தால் போதும். ஆனால் அவரும் பதற்றத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை, ரயிலைத்தான் திட்டினார். அந்தத் திட்டு தன் மேல் விழுவதாகவே மனைவிக்குப் பட்டது. பின்னாளில் ரோசன்பெர்க் இந்தக் காட்சியைத் தன் புத்தகத்தில் எழுதினார். அவர் நினைவிலிருந்து எடுத்துச் சொன்ன கதைகளில் பலவும் இப்படி ரயில் பெட்டி, சமையலறை, பள்ளி ஆசிரியர் கூட்டம் போன்ற சாதாரண இடங்களில் நடந்தவை. அந்தக் கதைகளின் வழியாகத்தான் அவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: மனிதர்கள் அடுத்தவர் மேல் குற்றம் சொல்லும்போது, உண்மையில் தங்களுக்கு வேண்டிய ஒன்றைக் கேட்கத் தெரியாமல் தடுமாறுகிறார்கள்.

ரோசன்பெர்க் 1934-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். யூதக் குடும்பம். 1943 கோடையில் குடும்பம் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. வந்து சில நாட்கள்கூட ஆகவில்லை. பெல் ஐல் பூங்காவில் தொடங்கிய கைகலப்பு கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் இடையிலான கலவரமாக ஊரெங்கும் பரவியது. 34 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 25 பேர் கறுப்பர்கள். ஒன்பது வயதுகூட நிரம்பாத சிறுவன் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தான். கலவரம் ஓய்ந்து பள்ளி திறந்ததும், தோல் நிறத்தைப் போலவே பெயரும் ஆபத்தானது என்று அவனுக்குத் தெரிந்தது. வருகைப் பதிவில் அவனுடைய யூதப் பெயரைக் கேட்ட இரண்டு மாணவர்கள், பள்ளி விட்டதும் பின்தொடர்ந்து வந்து தரையில் தள்ளி உதைத்தார்கள்.

அதே காலத்தில் வீட்டுக்குள் வேறொன்றையும் அவன் பார்த்தான். பக்கவாதம் போல உடல் முடங்கிப் படுத்த படுக்கையாய் இருந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ள மாமா ஒருவர் மாலை தவறாமல் வருவார். உடம்பைத் துடைத்துச் சுத்தம் செய்கிற வேலையை முகம் சுளிக்காமல், சிரித்த முகத்தோடு செய்வார். பெயருக்காக உதைக்கிறவர்களும் இருக்கிறார்கள், மலத்தைத் துடைத்தபடி சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எது இவர்களை இப்படிப் பிரிக்கிறது? இந்தக் கேள்விதான் தன்னை உளவியல் படிக்க வைத்தது என்று ரோசன்பெர்க் சொல்லிவந்தார்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1961-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கே அவருக்கு ஆசானாக அமைந்தவர் கார்ல் ரோஜர்ஸ். நோயாளிக்கு அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு, அவர் சொல்வதை முழுதாகக் கேட்பதே பாதி மருந்து என்று நிறுவிய உளவியலாளர் அவர். ரோஜர்ஸிடம் பயின்ற இன்னொருவரும் அதே காலத்தில் இதே திசையில் நடந்துகொண்டிருந்தார். அவர் தாமஸ் கார்டன். 1962-இல் கலிபோர்னியாவின் பசடீனா நகரில் பெற்றோருக்கென்று ஒரு வகுப்பைத் தொடங்கினார். பிள்ளையைப் பார்த்து “நீ சோம்பேறி”, “நீ பொறுப்பில்லாதவன்” என்று விரல் நீட்டும் பேச்சு ஒரு வகை. “சமைச்சு முடிச்சு உட்கார்ந்தேன், மறுபடி அடுக்களை முழுக்கப் பாத்திரம், எனக்கு அலுப்பா இருக்கு” என்று தன் நிலையைச் சொல்லும் பேச்சு இன்னொரு வகை. முதல் வகைக்குப் பிள்ளை எதிர்த்துப் பேசும், அல்லது கதவைச் சாத்திக்கொள்ளும். இரண்டாவதில் எதிர்க்க ஒன்றும் இல்லை. அம்மாவின் அலுப்பை “இல்லை” என்று எந்தப் பிள்ளை மறுக்க முடியும்? கார்டனின் வகுப்பு 1970-இல் புத்தகமாகி உலகமெங்கும் விற்றது.

ரோசன்பெர்க் இதை இன்னும் நுணுக்கினார். கண்ணால் கண்டது என்ன, அப்போது மனசில் என்ன தோன்றியது, அதற்கு அடியில் இருக்கும் தேவை என்ன, அடுத்தவரிடம் கேட்பது என்ன என்று பேச்சை நான்காகப் பிரித்தார். அறுபதுகளில் அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைக்கும் முயற்சிகள் நடந்தபோது, அந்தப் பள்ளிகளில் இதைச் சொல்லிக் கொடுத்தார். காந்தியின் அகிம்சையை மனதில் வைத்துத் தன் முறைக்கு வன்முறையற்ற உரையாடல் என்று பெயரிட்டார். மேடையேறும்போது கைகளில் இரண்டு துணிப் பொம்மைகளை மாட்டிக்கொள்வார். ஒன்று நரி, குறை சொல்லும், பட்டம் கட்டும், மிரட்டும். இன்னொன்று ஒட்டகச்சிவிங்கி. அதற்கு மிகப் பெரிய இதயம் உண்டு என்பது அவர் சொல்லும் காரணம். வளர்ந்த ஆண்களும் பெண்களும் பொம்மைகளின் சண்டையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பாதிச் சிரிப்பில், அது தங்கள் வீட்டுச் சண்டை என்று தெரிந்துவிடும்.

நான்கு படிகளில் முதல் படியே பலருக்கு வழுக்கிவிடும் என்பதற்கு அவர் சொன்ன பள்ளிக் கதை ஒன்று உண்டு. ஒரு பள்ளியின் ஆசிரியர்களுக்குத் தலைமை ஆசிரியரோடு மனத்தாங்கல். அவர் என்ன செய்கிறார் என்று ரோசன்பெர்க் கேட்டார். அவருக்கு வாய் ஜாஸ்தி என்றார் ஒருவர். அது அவரைப் பற்றிய தீர்ப்பு. அவர் செய்ததைச் சொல்லுங்கள் என்றார் ரோசன்பெர்க். தான்தான் எல்லாம் பேச வேண்டும் என்று நினைக்கிறார் என்றார் இன்னொருவர். அதுவும் ஊகம். நெடுநேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: ஆசிரியர் கூட்டம் நடக்கும்போது எதைப் பேசினாலும் தலைமை ஆசிரியர் தன் சின்ன வயசுக் கதைக்கோ போர்க்காலக் கதைக்கோ போய்விடுகிறார், கூட்டம் நேரம் கடந்து இழுக்கிறது.

இதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்றால், யாரும் சொன்னதில்லை. சரி, நானும் கூட்டத்துக்கு வருகிறேன் என்று ரோசன்பெர்க் போனார். சொன்னபடியே நடந்தது. ஒரு பேச்சு தொடங்கும், தலைமை ஆசிரியருக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வரும். ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து முகம் சுளித்தார்கள், கொட்டாவி விட்டார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லப் போவதில்லையா என்று கடைசியில் ரோசன்பெர்க்கே கேட்டார். அறை அமைதியாயிற்று. முன்பு ரோசன்பெர்க்கிடம் முதலில் பேசிய ஆசிரியர் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரை நேராகப் பார்த்துச் சொன்னார்: உங்களுக்கு வாய் ஜாஸ்தி!

சிரிப்பு அடங்கியதும் யோசித்தால் சங்கடமாக இருக்கும். விஷயம் என்னவென்று தெரிந்தவர்தான் அவர். அதைச் சொல்ல வேண்டிய நொடியில் நாக்கு பழகிய தடத்துக்கே திரும்பிவிட்டது. நம் வீடுகளில் அந்தத் தடத்தில் முதலில் வருகிற சொல் “எப்பவுமே.” “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் தான் அப்படி நடக்காத ஒரு நாளைத் தேடிப் பிடித்துப் பதில் சொல்வார். அதற்கப்புறம் பேச்சு நாட்கணக்கைப் பற்றித்தான் ஓடும். இன்றைக்கு நடந்த சங்கதி மறந்தே போகும்.

இரண்டாவது படியான உணர்ச்சியிலும் ஒரு கள்ளக் கதவு உண்டு. “நீங்க என்னை மதிக்கலைன்னு ஃபீல் பண்றேன்” என்பதில் ஃபீலிங் எதுவும் இல்லை. நீங்கள் என்னை மதிக்கவில்லை என்ற குற்றச்சாட்டுதான் வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. ஒதுக்கப்பட்டேன், ஏமாற்றப்பட்டேன், புறக்கணிக்கப்பட்டேன் என்பவையும் இந்தக் கணக்கில் சேரும். மூன்றிலும் அடுத்தவர் என்ன செய்தார் என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தனிமை, பயம், வருத்தம், ஏக்கம் போன்ற எளிய சொற்கள்தான். அவற்றைச் சொல்லத்தான் கூச்சம். சொன்னால் கொஞ்சம் தாழ்ந்துபோவதாகத் தோன்றும்.

கோபம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ரோசன்பெர்க் தன் மூக்கையே சாட்சிக்கு இழுத்தார். சிறார் சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் அவர் வேலை பார்த்த காலம். அடித்துக்கொண்ட இரண்டு பையன்களை விலக்கப் போனபோது, ஒருவனின் முழங்கை அவர் மூக்கில் இடித்தது. அவருக்கு வந்த கோபத்தில் திருப்பி அடிக்காமல் இருக்கவே பாடுபட வேண்டியிருந்தது. மறுநாளும் அதே வேலை, வேறு பையன், அதே மூக்கு. வலி முதல் நாளைவிட அதிகம். ஆனால் கோபம் துளியும் வரவில்லை. அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது அவருக்குக் காரணம் புரிந்தது. முதல் பையனைச் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனவன் என்று மனதுக்குள் ஏற்கெனவே முத்திரை குத்தி வைத்திருந்தார். இரண்டாமவனைப் பாவப்பட்ட பிள்ளை என்று நினைத்திருந்தார். முழங்கை இடித்தது மூக்கை. கோபத்தைக் கிளப்பியது அந்த முத்திரை.

மூன்றாவது படி, தேவை. அதைச் சொல்லாமல் வருஷக்கணக்கில் அடக்கி வைப்பதும் குற்றம் சொல்வதில்தான் போய் முடியும். பயிலரங்குக்கு வந்த ஒரு பெண், தனக்குச் சமையல் அறவே பிடிக்காது, ஆனாலும் செய்தே ஆக வேண்டும் என்று இருபது வருஷமாகத் தினமும் சமைப்பதாகச் சொன்னார். பிடிக்காததைக் கடமைக்காகச் செய்வது யாருக்கும் நன்மை தராது என்று அங்கே பேச்சு வந்தது. வீட்டுக்குப் போனவர், இனி சமைக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். சில வாரம் கழித்து அவருடைய மகன்கள் இருவர் வேறொரு பயிலரங்குக்கு வந்தார்கள். அம்மாவின் முடிவைக் கேட்டு எப்படி இருந்தது என்று ரோசன்பெர்க் விசாரித்தார். அப்பாடா என்று இருந்தது என்றான் மூத்தவன். இனிமேல் ஒவ்வொரு வேளையும் அம்மாவின் முனகலைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டாம் அல்லவா?

அந்த அம்மாள் தியாகம் என்று நினைத்துப் பரிமாறியது, பிள்ளைகளுக்கு இருபது வருஷமும் வசவாகவே கேட்டிருக்கிறது.

நான்காவது படி, கேட்பது. இன்னொரு பெண்ணின் கணவர் எந்நேரமும் வேலை வேலை என்று இருந்தார். வேலையில் இத்தனை நேரம் செலவழிக்காதீர்கள் என்று மனைவி கேட்டுக்கொண்டார். மூன்று வாரம் கழித்துக் கணவர் நல்ல செய்தியோடு வந்தார்: கோல்ஃப் போட்டி ஒன்றில் சேர்ந்துவிட்டாராம்! அவர் கேட்டதைத்தானே செய்தார்? வாரத்தில் ஒரு மாலையாவது என்னோடும் பிள்ளைகளோடும் வீட்டில் இருங்கள் என்பதுதான் மனைவி மனசில் இருந்தது. வேண்டாததைச் சொன்னார், வேண்டியதைச் சொல்லவில்லை.

பேச்சு தொடங்கும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் குழுவினர், புதிதாக மணமான 124 தம்பதிகளை அழைத்து, தங்களுக்குள் ஒத்துவராத ஒரு விஷயத்தைப் பற்றி 15 நிமிடம் பேசச் சொல்லிப் படம்பிடித்தார்கள். பிறகு ஆறு ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். யார் சேர்ந்திருப்பார்கள், யார் பிரிவார்கள் என்பதை ஊகிக்க அந்த உரையாடலின் முதல் 3 நிமிடமே உதவியது என்று 1999-இல் எழுதினார்கள். நடந்த ஒன்றைக் குறித்து மனக்குறை சொல்வது வேறு, அடுத்தவரின் குணத்தையே சாடுவது வேறு என்று காட்மன் பிரிக்கிறார். “குப்பையை வெளியே வைக்கலையே” என்பது மனக்குறை. “எதையும் உருப்படியா செய்யத் தெரியாதா?” என்பது சாடல்.

இவ்வளவும் சொல்கிறவருக்கான பாடம். கேட்கிறவருக்கான பாடத்தை ரோசன்பெர்க் பெத்லகேமில் காட்டினார். அங்குள்ள தெஹெய்ஷா அகதிகள் முகாமின் மசூதியில் சுமார் 170 பாலஸ்தீன ஆண்கள் கூடியிருந்தார்கள். முந்தைய இரவுதான் முகாமுக்குள் கண்ணீர்ப் புகைக் குண்டுகள் விழுந்திருந்தன. அவற்றின் மேல் அமெரிக்கத் தயாரிப்பு என்று எழுதியிருந்தது. பேச வந்திருப்பவர் அமெரிக்கர் என்று தெரிந்ததும் ஒருவர் எழுந்து கொலைகாரன் என்று கத்தினார். கூடவே பல குரல்கள் சேர்ந்துகொண்டன. நான் யாரையும் கொல்லவில்லை என்று ரோசன்பெர்க் மறுத்திருக்கலாம், அது உண்மையும்கூட. அவர் மறுக்கவில்லை. என் அரசாங்கம் தன் வளங்களை வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று கோபப்படுகிறீர்களா என்று அந்த மனிதரிடமே கேட்டார். சாக்கடை வேண்டும், வீடு வேண்டும், தனி நாடு வேண்டும், உங்கள் கண்ணீர்ப் புகை எதற்கு என்று பதில் வெடித்தது. என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அவன் விளையாடுவது சாக்கடையில், பள்ளிக்கூடத்தில் புத்தகமில்லை என்று தொடர்ந்தது. ஒவ்வொரு வசவுக்குள்ளும் இருந்த தேவையை எடுத்து, இதுவா உங்கள் வேதனை என்று ரோசன்பெர்க் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த மனிதர் கொட்டித் தீர்க்கும்வரை தன் தரப்பை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, கொலைகாரன் என்று கூப்பிட்ட அதே மனிதர் அவரை ரமலான் விருந்துக்கு வீட்டுக்கு அழைத்தார்.

1984-இல் ரோசன்பெர்க் தன் முறையைக் கற்பிக்க ஒரு மையம் தொடங்கினார். 1999-இல் புத்தகம் வந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கியில் 2015 பிப்ரவரியில், 80-ஆவது வயதில் காலமானார். புத்தகத்தைப் படித்த பலர் நான்கு படிகளை மந்திரம் போல ஒப்பிக்கத் தொடங்கியதும் நடந்தது. “நீ இதைச் செய்யும்போது நான் இப்படி உணர்கிறேன், ஏனென்றால் என் தேவை...” என்று ஒருவர் தொடங்கினால், கேட்கிறவருக்குப் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கேட்பது போலத்தான் இருக்கும். நம் வீடுகளில் இதைச் சொன்னால், “என்னம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்றுதான் கேட்பார்கள்.

நம்முடைய பழக்கம் வேறு மாதிரி. ஒரே கூடத்தில் அப்பா உட்கார்ந்திருக்க, “சாப்பாடு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்று பிள்ளையைத் தூது அனுப்புவோம். மருமகளுக்குச் சொல்ல வேண்டியதைப் பூனையைப் பார்த்துச் சொல்வோம். சொல்லாத கோபத்தைப் பாத்திரம் சொல்லும். இந்த ஜாடைப் பேச்சில் ஒரு வசதி இருக்கிறது: யாரும் கேட்டால், நான் பூனையைத்தானே சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். கஷ்டம் என்னவென்றால், பூனை அதைக் கேட்டு ஒன்றும் செய்யப்போவதில்லை.

நேராகச் சொல்ல வேண்டுமானால், நம் பேச்சிலேயே அதற்கு இடமிருக்கிறது. இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் கணவரிடம் “உங்களுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கிற நினைப்பே கிடையாது” என்று சொல்லலாம். “ஏங்க, எட்டு மணிக்கு வர்றேன்னீங்க, பத்தாச்சு. போனும் எடுக்கலை, பதறிப்போயிட்டேன். லேட்டாகும்னா ஒரு வார்த்தை போன்ல சொல்லிடுங்க” என்றும் சொல்லலாம். ரோசன்பெர்க்கின் நான்கும் இரண்டாவதில் அடங்கிவிட்டன. படித்த வாசனை எங்கும் அடிக்கவில்லை. முதலாவதற்குக் கணவர் பதில் சொல்ல வாய்ப்புண்டு. இரண்டாவதற்கு, அடுத்த முறை போன் செய்ய வாய்ப்புண்டு.

இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. கை நீட்டுகிறவரிடம் மனசைத் திறந்து காட்டினால், அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது போலாகும். அங்கே தேவைப்படுவது நல்ல பேச்சல்ல, பாதுகாப்பு. அதற்காகத்தான் இந்தியாவில் 2005-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. பயமில்லாமல் சண்டை போட முடிகிற வீடுகளுக்குத்தான் ரோசன்பெர்க்கின் பாடம். நல்லவேளையாக, நம்மில் பலர் சண்டை போடுவது அப்படிப்பட்ட வீடுகளில்தான்.

அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் நான்கு படிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடுத்த முறை “எப்பவுமே” என்று வாயில் வரும்போது அதை விழுங்கிவிட்டு, இன்றைக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். வீட்டில் உள்ளவர் உங்களிடம் “எப்பவுமே” என்று தொடங்கினால், நாட்கணக்கு பார்க்காமல் அவருக்கு என்ன வேண்டுமாம் என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.